நான்காவது கொடி

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். விடிந்ததும் முதல் ஆளாகப் போய்விட்டேன். கூட்டம் வந்த பிறகு போனால் அடுத்த கல்லறைக்காரர்களின் மெழுகு நம் கல்லில் வழிந்திருக்கும், சுரண்டி எடுக்க வேண்டும். ரோமானின் கல்லைத் துடைத்து, செவ்வந்தி வைத்துவிட்டு வந்தேன். பெயரில் ‘கொரேரா’ என்பதன் கால் ஒன்று மங்கிவிட்டது. ஆள் பிடித்துக் கறுப்பு அடிக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே மன்றத்தைத் திறந்தேன். ‘நங்கூரம்’ என்ற கப்பல் விளையாட்டை ஆடும் தமிழர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் அது. நான்கு வருடங்களாக நானும் உறுப்பினர். விளையாட்டுக்குள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ‘முத்துத்துறை’ என்று ஒரு துறைமுகம் கட்டியிருக்கிறோம். மற்றவர்கள் சரக்குக் கப்பல் ஓட்டுகிறார்கள். என்னிடம் இருப்பது ஓர் இழுவைக் கப்பல், துறைமுக வழக்கில் டக். பெயர் ‘ரோமான்’. என் கணவர் இந்தத் தூத்துக்குடித் துறைமுகத்தில் டக் ஓட்டியவர். வேறு எந்தக் கப்பலும் எனக்குத் தேவைப்படவில்லை.

மன்றத்தைத் திறந்தால் என்ன இருக்கிறது? ‘குட் மார்னிங் ஃப்ரெண்ட்ஸ்’ பூப்படங்கள். ‘வைரப் பெட்டி எப்படி கெடைக்கும் ப்ரோ’ என்று, முந்தாநாள் ஒருவர் கேட்டுப் பதில் வாங்கிய அதே கேள்வி. அதற்குக் கீழே ‘மாஸ்’, ‘மரண மாஸ்’, ‘நான்தான் ஃபர்ஸ்ட் கமெண்ட்’. இதற்கு நடுவே காற்றைப் பற்றி ஒரு பெண் நல்ல கேள்வி கேட்டிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் பதில் எழுதினேன். காற்று நாளில் ரோமான் கொடி கட்டுவதைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்தேன், பொருத்தமாக இருந்ததால்.

மாலையில் தண்டபாணி தொலைபேசினார். மன்றத்தை நடத்துகிறவர், கரூரில் பல் மருத்துவர்.

“மேடம், நல்லா ஆடறவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா போறாங்க. இந்தச் சத்தத்துல யாரு பேசறதுங்க? இருபத்திநாலாந் தேதி கேம்ல புயல் வேற வருது. நீங்க ஏதாச்சும் ஒரு ரூல் போட்டுக் குடுங்க.”

“நான் போட்டால் கடுமையாக இருக்கும்.”

“அதனாலதானுங்க உங்ககிட்டக் கேக்கறேன்.”

நவம்பர் 4, சனி

விதிகளை எழுதி வெளியிட்டாயிற்று. சுருக்கமானவைதான். புதிதாகச் சேர்பவர் ஒரு வாரம் ‘கரை’யில் இருப்பார், வாசிக்கலாம், எழுத முடியாது. அதன் பின் யாராக இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒரே பதிவு. ஏற்கனவே பேசி முடித்ததை ஒருவர் மறுபடி எழுதினால், மற்றவர்கள் அதன் கீழே உள்ள மணியை அழுத்தலாம். ஐந்து பேர் மணியடித்தால் எழுதியவர் ஒரு வாரம் கரைக்குப் போக வேண்டும். புயலுக்கென்று திறந்த உரையாடல் திரியில் மட்டும் பதிவுக் கணக்கு இல்லை. ஆனால் கரையில் இருப்பவருக்கு அங்கேயும் வாய் திறக்க உரிமை இல்லை.

மணி என்னுடைய யோசனை. எங்கள் கான்வென்டில் எல்லாம் மணிதான்.

முதல் எதிர்ப்பு ‘சுறாமீன்’ என்ற பெயரில் எழுதும் சோணைமுத்துவிடமிருந்து. மதுரையில் செல்போன் பழுது பார்க்கிறவன்.

‘ஆன்ட்டி, இது ஃபோரமா ஹாஸ்டலா? நைட்டு லைட் ஆஃப் பண்றது எத்தன மணிக்கு?’

இருபது பேர் சிரித்திருந்தார்கள். நான் ‘மிஸஸ் கொரேரா’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறேன். ஆன்ட்டி என்று யாருக்கும் நான் அனுமதி கொடுக்கவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. மன்றத்தில் முணுமுணுப்பு. நான் அசையவில்லை.

நவம்பர் 8, புதன்

என்ன அருமையான நாள்! ஒரு நாளைக்கு ஒரு பதிவுதான் என்றதும் மனிதர்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். துறைமுக வாயிலின் குறுகலைப் பற்றி ஒரு விவாதம், படித்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. எப்போதும் ‘மாஸ்’ என்று மட்டும் எழுதும் ஓர் ஆள் அலையின் உயரத்தைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருக்கிறார். முற்றுப்புள்ளி கூட வைத்திருக்கிறார்! விலகிப் போன இருவர் திரும்பி வந்திருக்கிறார்கள். என் பங்குக்கு, வாயிலில் ரோமானின் கொடிகள் எப்படிப் பயன்பட்டன என்று எழுதினேன். நல்ல சந்தர்ப்பமாக அமைந்தது.

சோணைமுத்து வைரப் பெட்டியைப் பற்றி இன்றும் கேட்டான். ஐந்து பேர் மணியடித்தார்கள். கரை. அவன் கடைசிப் பதிவு: ‘வார்டன் ஆன்ட்டி வாழ்க.’

நிம்மதியாகத் தூங்குவேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எதிர்வீட்டுப் பிள்ளைகள் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாகு முற்றிவிட்டது, சொல்லவில்லை.

விளையாட்டில் பண்டிகைக்காகக் கப்பல்களில் கட்டிக்கொள்ளக் கலர் கலராகக் கொடி விற்கிறார்கள். முத்துத்துறை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. வேலை செய்யும் கப்பலுக்கு இந்த ஜோடனை எதற்கு? என் டக் சுத்தமாக, வெறுமையாக நின்றது.

மாலை விளையாட்டுக்குள் ஒரு பரிசுப் பெட்டி வந்தது. அனுப்பியவன் சுறாமீன். ‘ஃபோரத்துல பேச முடியல, அதான் இதுல அனுப்புறேன். ஆன்ட்டிக்கு ஹாப்பி தீபாவளி.’ உள்ளே ஒரு கட்டு கொடிகள். உபயோகிக்கப் போவதில்லை. ஆனால் பரிசைத் திருப்பி அனுப்புவது நாகரிகமில்லை. நன்றி என்று ஒரு சொல் அனுப்பினேன்.

ரோமானின் தங்கை ஸ்டெல்லா மாடியிலிருந்து இறங்கி வந்து என் பின்னால் நின்று பார்த்தாள்.

“இப்பமும் கப்பல்தானா மைனி? அண்ணன் போனா ராத்திரிதான் வருவாரு. நீங்க வீட்டுக்குள்ளயே இருந்து கடல்ல கெடக்கீய.”

“தேநீர் வேண்டுமா, வேண்டாமா?”

“பேச்ச மாத்துதீய பாத்தீயளா” என்று சிரித்தாள். இரண்டு பேரும் குடித்தோம்.

நவம்பர் 15, புதன்

சோணைமுத்துவின் ஒரு வாரம் முடிந்தது. அவனுடைய முதல் பதிவைத் தயக்கத்துடன்தான் திறந்தேன். கரையில் சும்மா இருந்த நேரத்தில் மன்றத்தின் பழைய திரிகள் அத்தனையையும் படித்திருக்கிறான். போன வருடப் புயலில் எந்தக் கப்பல் எந்த இடத்தில் முட்டிக்கொண்டது என்று படம் வரைந்து போட்டிருக்கிறான். நல்ல வேலை. எழுத்துப்பிழை ஏராளம், இருந்தாலும் நல்ல வேலை.

பார்த்தீர்களா, என் விதி ஆளை மாற்றுகிறது.

நவம்பர் 17, வெள்ளி

தண்டபாணி புயலின் நிலவரத்தை எல்லோருக்கும் விளக்கி எழுதினார். போன வருடம் பாதிக் கப்பல்களை இழந்தோம். இந்த வருடமும் அப்படி ஆனால் விளையாட்டை நடத்தும் நிறுவனத்தார் முத்துத்துறையை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். நான்கு வருடம் கட்டியது போய்விடும், எல்லோரும் ஆளுக்கொரு துறைமுகத்தில் சிதறிப் போவோம். துறைமுகத்தில் பதிவான டக்கும் அதோடு போய்விடும்.

அதாவது ‘ரோமான்’.

புயலுக்குள் கப்பல் ஓட்டுகிறவர்களுக்குத் தங்கள் முன்னால் இருக்கிற அலையும் வாயிலில் நிற்கும் டக்கும் மட்டும்தான் தெரியும். அந்த டக்குக்கு மட்டும் எல்லாம் தெரியும். புயலின்போது விளையாட்டின் உரையாடல் பெட்டி வேலை செய்யாது என்பதால், நான் பார்ப்பதை மன்றத்தின் புயல் திரியில் எழுதுவேன், அதைப் படித்து ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். இதுதான் ஏற்பாடு.

எல்லோருக்கும் தைரியம் வருவதற்காக விரிவாக ஒரு பதிவு எழுதினேன். ரோமானின் டக்கில் ரேடியோ அடிக்கடி மக்கர் செய்யும். அதனால் அவர் கம்பியில் கொடி கட்டுவார். மஞ்சள் என்றால் நில். நீலம் என்றால் வா. இரண்டும் சேர்ந்திருந்தால் திரும்பிப் போ, வெளியே காத்திரு. டக்கின் மூக்கு எந்தக் கப்பலைப் பார்க்கிறதோ, அந்தக் கப்பலுக்குத்தான் சேதி. ஒரு முறை சூறைக்காற்றில் ஒரு வார்த்தை பேசாமல் ஆறு கப்பல்களைக் கொண்டுவந்து கட்டினார்.

நன்றாக வந்திருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

நவம்பர் 18, சனி

காலையில் திறந்தால் என் பதிவின் கீழே சோணைமுத்து.

‘ஆன்ட்டி, கோவப்படாதீங்க. ரூல்னா ரூல்தான? இந்தக் கதைய நீங்க ஏற்கனவே சொல்லிட்டீங்க. எங்கெங்கன்னு கீழ போட்ருக்கேன்.’

கீழே இணைப்புகள். வரிசையாக. திரையை நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தன. இரண்டாம் தேதி காற்றுக் கேள்வி. எட்டாம் தேதி வாயில் விவாதம். போன கிறிஸ்துமஸ். ஒருவர் தன் பெண்ணின் பிறந்தநாளைச் சொன்ன திரியில் கூட.

ஒவ்வொரு தடவையும் சந்தர்ப்பம் வேறு. அதை அவன் கவனிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஐந்து பேர் மணியடித்துவிட்டார்கள். எழுதும் பெட்டி சாம்பல் நிறமாகிவிட்டது. ‘நீங்கள் இப்போது கரையில் இருக்கிறீர்கள். இருபத்தைந்தாம் தேதி மீண்டும் எழுதலாம்.’ அந்த வாசகத்தை எழுதியது நான்தான்.

தண்டபாணி பதறிப் போய் அழைத்தார்.

“மேடம், அந்தப் பசங்க வெளையாட்டுக்கு அழுத்திட்டானுங்க. இருபத்திநாலு புயலுங்க! நானே உள்ள போய் அந்த மணிய எடுத்துடறேன்.”

“எடுக்கக் கூடாது.”

“நீங்க இல்லாம எப்படிங்க?”

“டாக்டர், நான் அந்தக் கதையை முன்பே சொல்லியிருக்கிறேனா?”



“அது… எங்களுக்குப் பழகிப் போச்சுங்க மேடம்.”

“அப்படியானால் தீர்ப்பு சரி. எனக்கு ஒரு விதி, சோணைமுத்துவுக்கு ஒரு விதி என்று நான் எழுதவில்லை.”

“ஃபோன்லயாவது சொல்லுங்க, நான் டைப் பண்ணிப் போட்டுடறேன்.”

“அது பேச்சு இல்லாமல் வேறென்ன?”

வைத்துவிட்டேன். கண்ணாடியைத் தேடினேன், மூக்கிலேயே இருந்தது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பின்வரிசையில் சின்னப் பிள்ளைகள் ஒரே கூச்சல். எங்கள் காலத்தில் சிஸ்டர் கொன்சாகா கையில் ஒரு மரக்கட்டை வைத்திருப்பார். ஒரு தட்டு தட்டினால் முழங்கால், இரண்டு தட்டினால் எழுந்து நிற்க வேண்டும். தவக்கால மௌனத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. போர்டிங் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே ஆளாக எழுந்து ஒரே ஆளாக உட்காருவோம்.

மன்றத்தைத் திறக்கவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் நறுக்கி ரம்மில் ஊறப் போட்டேன். ஸ்டெல்லா உதவுகிறேன் என்று வந்து முந்திரியை வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன மைனி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீய?”

சொன்னேன். அடக்க முடியாமல் சிரித்தாள். மேசையில் சாய்ந்து சிரித்தாள்.

“நீங்க போட்ட பூட்டுல நீங்களே மாட்டிக்கிட்டீயளா! அண்ணன் இருந்தா ஊர் பூரா சொல்லிச் சிரிச்சிருப்பாரு.”

“பேரீச்சம்பழத்தைச் சின்னதாக நறுக்கு.”

“அது சரி மைனி, அந்தக் கொடிக் கதைய எனக்கே நீங்க எத்தன தடவ சொல்லிருக்கீய. நான்லாம் என்னைக்கு மணியடிச்சேன்?”

மன்றத்தை வாசிக்க மட்டும் செய்தேன். குறுக்கே எழுத முடியாதபோது மற்றவர்கள் எழுதுவது முழுதாகக் காதில் விழுகிறது. அந்தக் காற்றுக் கேள்விப் பெண் நல்ல நகைச்சுவை உள்ளவர். இத்தனை நாள் தெரியவில்லை. ஒருவருக்குப் பதில் சொல்ல இரண்டு முறை சாம்பல் பெட்டியில் போய் விரலை வைத்துவிட்டேன். பழக்கம்.

நாலாவது பக்கத்தில் சோணைமுத்து: ‘ஆன்ட்டி இல்லாம ஃபோரம் என்னமோ சப்புனு இருக்கு. நான்தான் ஆரம்பிச்சேன், ஒத்துக்கிறேன். அதுக்குன்னு நீங்களும் அடிப்பீங்களாடா?’

நவம்பர் 24, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மாலை ஐந்து மணிக்குப் புயல் தொடங்கியது. பேச முடியாவிட்டாலும் என் இடம் வாயில்தான், போய் நின்றேன். ஒரு பக்கம் விளையாட்டு, மறுபக்கம் மன்றத்தின் புயல் திரி. ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரையெல்லாம் மழை. வாயிலில் ஒரு கப்பல்தான் நுழைய முடியும். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, வடக்கிலிருந்து இரண்டு கப்பல்கள் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தன. ஒன்று சோணைமுத்துவின் ‘வைகை ராணி’. மற்றதை அவன் பார்க்கவே முடியாது.

மன்றத்தில் கூச்சல். ‘யாராச்சும் பாத்து சொல்லுங்க!’ ‘உள்ள வரவா வேண்டாமா?’ ‘ஒண்ணும் தெரியலயே!’

“சொல்லுங்க மைனி! முட்டப் போவுது!” என்றாள் ஸ்டெல்லா.

“எனக்கு எழுத உரிமை இல்லை.”

“உரிமையாம்! அங்க அண்ணன் கப்பலே போவப் போவுது!”

அப்போதுதான் சிஸ்டர் கொன்சாகாவின் மரக்கட்டை காதில் கேட்டது. அவர் மௌனத்தை ஒரு நாளும் மீறியதில்லை. எங்களை எழுப்பி நிறுத்தாமல் இருந்ததும் இல்லை.

பரிசுப் பெட்டியைத் திறந்தேன். சோணைமுத்துவின் கொடிகள். டக்கின் மூக்கை ‘வைகை ராணி’ பக்கம் திருப்பி, மஞ்சளைக் கட்டினேன்.

ஒரு நொடி. இரண்டு நொடி. அவன் வந்துகொண்டேயிருந்தான். பிறகு சட்டென்று நின்றான். திரியில் அவன் பதிவு:

‘டேய்! ஆன்ட்டி மஞ்சள் கட்டிருக்காங்க! அவங்க டக்கப் பாருங்கடா!’

யாரோ புதியவர் கேட்டார்: ‘மஞ்சள்னா என்ன?’

ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பதிவுகள் வந்து விழுந்தன. ‘நில்!’ ‘நில்லுன்னு அர்த்தம்!’ ‘மஞ்சள் நில், நீலம் வா!’ ‘மூக்கு யாரப் பாக்குதோ அவனுக்கு!’ ‘எத்தன தடவ சொல்லிருக்காங்க, தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்!’

ஸ்டெல்லா என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்கு மூக்கைத் திருப்பும் வேலை இருந்தது.

மற்றக் கப்பலுக்கு நீலம், உள்ளே போயிற்று. ‘வைகை ராணி’க்கு நீலம், போயிற்று. அதன் பின் ஒவ்வொன்றாக, தேவாலயத்தில் நற்கருணைக்குப் போகிற வரிசை மாதிரி வந்தார்கள். ஒருவர் தள்ளவில்லை, ஒருவர் முந்தவில்லை. சோணைமுத்து கட்டிய இடத்திலிருந்தே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்: ‘திருச்சிக்காரரே, மூக்கு உங்களத்தான் பாக்குது, நீலம், வாங்க வாங்க… எண்ணூர் அண்ணே, உங்களுக்கு மஞ்சள், அங்கனயே நில்லுங்க.’

கடைசியாகத் தண்டபாணியின் பெரிய கப்பல். அதன் பின்னால் மலை போல ஓர் அலை எழும்பியது. அவருக்குத் தெரியாது. மஞ்சளும் நீலமும் சேர்த்துக் கட்டினேன். வாயிலைத் தொடும் தூரத்தில் இருந்தவரைத் திரும்பிப் போகச் சொல்கிறேன், கேட்பாரா?

‘மேடம் சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க’ என்று எழுதிவிட்டுத் திரும்பினார். அலை வாயிலில் மோதி உடைந்தது. நீர் அடங்கிய பிறகு நீலம் காட்டினேன். வந்து சேர்ந்தார்.

ஒரு கப்பல் கூடப் போகவில்லை. முத்துத்துறை எங்களுடையது.

மன்றம் அமர்க்களப்பட்டது. பரிசாக வந்த கொடிக் கட்டுக்குள் ஒரு வெள்ளைக் கொடி மிச்சம் இருந்தது. எல்லோரும் உள்ளே வந்ததும், டக்கைத் திருப்பிக்கொண்டு நான் வரும்போது, அதைக் கட்டினேன். காரணம் ஒன்றுமில்லை. கை தானாகப் போயிற்று.

ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு இட்லி ஊற்றினேன்.

நவம்பர் 25, சனி

காலையில் எழுதும் பெட்டி வெள்ளையாகிவிட்டது.

தண்டபாணி ஒரு முன்மொழிவு வைத்திருந்தார்: மிஸஸ் கொரேராவின் கொடிக் கதைக்கு மட்டும் மணி கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. நான் எதிர்த்து வாக்களித்தேன். ஆளுக்கொரு சலுகை கொடுக்க ஆரம்பித்தால் விதி எதற்கு?

அதன் கீழே சோணைமுத்து, தன் அன்றைய ஒரே பதிவை இதற்குச் செலவழித்திருந்தான்.

‘ஆன்ட்டி, கடைசியா ஒரு வெள்ளைக் கொடி கட்டுனீங்களே, அது என்னா? இத நீங்க ஒரு தடவ கூட சொன்னதில்ல. பழைய திரி பூராம் தேடிப் பாத்துட்டேன். இது புதுக் கேள்வி, மணியடிக்க முடியாது.’

அவன் சொல்வது சரி. புதிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது முறை.

எனக்குக் கொடுத்திருக்கும் ஒரே பதிவில் எழுதினேன். வேலை முடிந்து டக்கைத் திருப்பும்போது ரோமான் கம்பியில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டுவார். அது எந்தக் கப்பலுக்கும் இல்லை. துறைமுகக் குடியிருப்பின் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு நிற்கிற எனக்கு. வந்துகொண்டிருக்கிறேன், சோறு எடுத்து வை என்று அர்த்தம். இதை அவர் அலுவலகத்தில் யாருக்கும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

மூன்று வரிதான் வந்தது. திருத்த ஒன்றும் இல்லை. அனுப்பிவிட்டு, கணினியை மூடிவிட்டு, துணி உலர்த்தப் போனேன். வெயில் நன்றாக இருந்தது.

பின்னால் வந்த ஸ்டெல்லா, “மைனி, இது எனக்கே தெரியாதே” என்றாள். கிளிப்பை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

நவம்பர் 26, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, மீன் குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்துவிட்டு, கொதிப்பதற்குள் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று விளையாட்டைத் திறந்தேன்.

முத்துத்துறையில் கடல் தட்டையாகக் கிடந்தது. கப்பல்கள் எல்லாம் கட்டியபடி நின்றன. தண்டபாணியின் பெரிய கப்பல், ‘வைகை ராணி’, காற்றுக் கேள்விப் பெண்ணின் சின்னப் படகு, மஞ்சள் என்றால் என்ன என்று கேட்ட புதியவரின் கப்பல். ஜோடனை எல்லாவற்றையும் கழற்றியிருந்தார்கள்.

ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வெள்ளைக் கொடி. எல்லா மூக்கும் என் டக்கைப் பார்த்து.

இத்தனை பேருக்கு நான் எப்படிச் சோறு எடுத்து வைப்பது?